ஊர் அறியாமல் பரிசோதனை, விடாமல் மாத்திரை: குமரிக் கிராமங்களில் எச்.ஐ.வி. உள்ளவருக்குத் துணை நிற்பது எப்படி

குமரி மாவட்டத்தில் எந்த மூலையிலிருந்து கிளம்பினாலும் ஒன்றிரண்டு பஸ் மாறினால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் அரசு மருத்துவமனைக்குப் போய்விடலாம். பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். அப்படியிருந்தும் பலர் உடம்பு உருக்குலைந்த பிறகே வருகிறார்கள். ஓ.பி. சீட்டு வரிசையில் அத்தை மகன் நிற்பான், லேபில் பக்கத்துத் தெருப் பெண் வேலை பார்ப்பாள் என்ற பயம்தான் பிடித்து நிறுத்துகிறது. அந்தத் தாமதத்தில்தான் கிருமி வீட்டுக்குள் இன்னொருவருக்குப் போகிறது. ஆகவே கிராமத்தில் எச்.ஐ.வி. வேலை பாதிக்கு மேல் பெயரைக் காக்கும் வேலை. கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுத் தலைவி, அன்பியப் (கத்தோலிக்கப் பங்கின் சிறு குடும்பக் குழு) பொறுப்பாளர், அல்லது வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டதே என்று தவிக்கும் அண்ணன் தம்பி, யாராக இருந்தாலும் இதை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

ஆளைத் தேடாதீர்கள், சூழ்நிலையைப் பாருங்கள்

2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் 0.21 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஆயிரம் பேருக்கு இரண்டு பேர் என்ற கணக்கு. "அவனுக்கு இருக்கும்போல" என்று ஊரில் ஊகிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் தவறான ஆளைத்தான் குறிவைப்போம். உண்மையில் இருப்பவரோ அதைக் கேட்டுப் பயந்து இன்னும் ஒளிந்துகொள்வார்.

பரிசோதனை தேவைப்படும் சூழ்நிலைகள் தெளிவானவை. காசநோய் கண்டறியப்பட்ட எவரும். கர்ப்பமான எல்லாப் பெண்களும். பிறப்புறுப்பில் புண், சீழ், எரிச்சல் வந்தவர்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் துணையும் பிள்ளைகளும். வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் காரணம் சொல்லாமல் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். இந்தக் கடைசிப் பிரிவை நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம். அந்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் உண்டு. தகுதியில்லை என்றதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் அவர் கையில் முறையான முடிவும் இல்லை, ஆலோசனையும் இல்லை. வீட்டில் "விசா சரியாகல" என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பார்.

இன்னொரு பிரிவு, மாதக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே தங்கி உழைப்பவர்கள். தூத்தூர், வள்ளவிளை, நீரோடி பக்கத்திலிருந்து கொச்சி, மங்களூர், கோவா துறைமுகங்களுக்குப் போகும் ஆழ்கடல் மீனவர்கள், லாரி ஓட்டுநர்கள், கேரளத்தில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது. தனிமையும் ஆணுறை இல்லாத உடலுறவும் சேரும் இடத்தில்தான் ஆபத்து, தொழிலில் ஒன்றுமில்லை. மீனவர் என்றாலே சந்தேகம் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அந்தக் கடற்கரையில் பிறகு ஒருவரும் பரிசோதனைக்கு வரமாட்டார்.

பரவும் வழி நான்குதான்: பாதுகாப்பற்ற உடலுறவு, பிறருக்குப் போட்ட ஊசி, பரிசோதிக்காத ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு. நம் கிராமங்களில் முதலாவதே பிரதானம். கொசு, எச்சில், ஒரே தட்டுச் சோறு, குளத்துத் தண்ணீர், கை குலுக்கல், திருவிருந்துக் கிண்ணம், இவை எதிலும் பரவாது.

பேச்சை எடுப்பது

எச்.ஐ.வி. என்ற சொல்லைத் தனியாகப் போட்டால் கதவு மூடிவிடும். மற்றவற்றோடு சேர்த்துச் சொல்லுங்கள், ஆனால் மறைக்காதீர்கள். "அண்ணே, அடுத்த டிரிப்புக்கு முன்னால ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துருங்க. சுகர், மஞ்சக்காமாலை, எச்.ஐ.வி. எல்லாம் ஒரே நாள்ல பாத்துரலாம். நானும் எடுத்தேன்." கடைசி வாக்கியத்தைச் சொல்வதற்காகவாவது நீங்கள் முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சுகர் டெஸ்ட் என்று சொல்லி எச்.ஐ.வி.க்கு ரத்தம் எடுப்பது சட்டத்துக்கு விரோதம், தெரியவரும் நாளில் ஊரின் நம்பிக்கையும் போய்விடும்.

பேச இடம் முக்கியம். நூறு நாள் வேலைத் தளத்திலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் பொதுவாகப் பேசலாம். தனி ஆளிடம் அங்கே பேசவே கூடாது. வீட்டுத் திண்ணையும் ஆகாது. ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு முடிந்து ஆட்கள் கலையும் நேரம் போல, ஒருவரோடு நடந்துகொண்டே பேசக்கூடிய பொழுதைத் தேடுங்கள்.

பரிசோதனை நாள்

போக வேண்டிய இடத்தின் பெயர் நம்பிக்கை மையம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மற்ற அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறது. சொந்த ஊருக்குப் பக்கத்து மையத்துக்குத்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கொல்லங்கோடுக்காரர் நாகர்கோவில் பக்கம் போகலாம், தோவாளைக்காரர் குழித்துறைக்குப் போகலாம், எல்லை தாண்டித் திருவனந்தபுரமும் போகலாம்; கேரளத்தில் இதே மையத்துக்கு ஜ்யோதிஸ் என்று பெயர். எது எங்கே என்று கேட்க 1097க்கு அழைத்தால் போதும், கட்டணம் கிடையாது, பெயர் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் துணைக்குப் போவதாக இருந்தால் ஊர் பஸ் ஸ்டாப்பில் இருவரும் சேர்ந்து நிற்காதீர்கள். சுகாதார வேலை பார்ப்பவரோடு ஒருவர் பஸ் ஏறினாலே கதை கட்டிவிடுவார்கள். அவர் முந்தின பஸ்ஸில் போகட்டும், மருத்துவமனையில் சந்தியுங்கள்.

மையத்தில் முதலில் ஆலோசகர் தனியறையில் பேசுவார், சம்மதம் வாங்குவார், பிறகு ரத்தம் எடுப்பார்கள். முதல் சோதனையில் எதிர்வினை (எச்.ஐ.வி. இருக்கலாம் என்ற அறிகுறி) இல்லையென்றால் அதோடு முடிந்தது. எதிர்வினை வந்தால் வேறு வேறு வகையான இன்னும் இரண்டு கருவிகளில் சோதிப்பார்கள். மூன்றும் ஒத்துவந்தால்தான் எச்.ஐ.வி. உறுதி. பெரும்பாலும் அன்றைக்கே முடிவு தெரியும்.

கிராமத்தில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். முகாமிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விரல் நுனியில் குத்திப் பார்ப்பது ஒரேயொரு கருவிச் சோதனை. அதில் எதிர்வினை வந்தால் "உங்களுக்கு இருக்கிறது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். "இன்னொரு தரம் பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கணும்" என்பது மட்டுமே உண்மை. அந்த ஒற்றைச் சோதனையை நம்பித் துணையிடம் சொன்னவர்களும் உயிரை விடத் துணிந்தவர்களும் உண்டு. பிறகு மையத்தில் இல்லை என்று வந்தாலும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது.

மறுபக்கத் தவறும் உண்டு. போன வாரம் நடந்த உறவுக்கு இன்று பரிசோதித்து "இல்லை" என்று வந்தால் அது ஒன்றையும் நிரூபிக்காது. ஆபத்தான கடைசி நாளிலிருந்து 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், இடைப்பட்ட காலத்தில் ஆணுறை கட்டாயம்.

ஆபத்து நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனைக் குப்பையில் கிடந்த ஊசி குத்திய தூய்மைப் பணியாளர், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண், இவர்களை உடனே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். தடுப்பு மாத்திரையை முதல் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. 72 மணி தாண்டினால் பயனில்லை. 28 நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். குத்திய இடத்தைப் பிழியக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

முதல் மாதம்

உறுதியானவர்கள் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போவார்கள். ஆசாரிப்பள்ளத்தில் இருக்கிறது. ரத்தத்தில் எதிர்ப்பு அணு (சி.டி.4) எண்ணிக்கை எவ்வளவு என்றாலும் எல்லோருக்கும் மருந்து என்பது 2017 முதல் நாட்டின் நடைமுறை. "இன்னும் நல்லாத்தான் இருக்கேன், அப்புறம் பாக்கலாம்" என்பதை ஏற்காதீர்கள்.

பெரியவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பது ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300, டொலுடெக்ரவிர் 50 மூன்றும் அதற்குள் இருக்கின்றன. முதல் சில வாரம் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். தூக்கம் கெட்டால் மருத்துவரைக் கேட்டு இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கண் மஞ்சளானால், உடம்பெல்லாம் தடித்தால், மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவமனை. மருந்து தொடங்கிய பிறகு காய்ச்சலும் நெறிக்கட்டும் வருவது சிலருக்கு நடக்கும். உடம்பின் எதிர்ப்பு மீண்டு எழுந்து ஒளிந்திருந்த நோயோடு மோதுவதால் வருவது அது. "மாத்திரை ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் உடனே காட்ட வேண்டும்.

காசநோயைத் தனியாகக் கவனியுங்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் உயிரை அதிகம் எடுப்பது அதுதான். இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல் இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை. இல்லையென்றால் காசநோய் வராமல் இருக்கத் தடுப்பு மருந்து தருவார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்கு டொலுடெக்ரவிர் அளவு பாதியாகிவிடும். அதனால் 12 மணி நேரம் கழித்து இன்னொரு டொலுடெக்ரவிர் 50 கூடுதலாக எழுதுவார்கள். அந்த இரண்டாவது மாத்திரையைப் "மிச்சம்" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். காசநோய் மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரம் அது தொடர வேண்டும்.

சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து, வயிற்றெரிச்சல் மருந்து இவை டொலுடெக்ரவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. எச்.ஐ.வி. மாத்திரை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ இருக்க வேண்டும். நாட்டு வைத்தியம் செழித்த மாவட்டம் இது. சங்கு பற்பம் சுண்ணாம்பு, அயச் செந்தூரம் இரும்பு. வைத்தியரிடம் வாங்கிச் சாப்பிடுகிறவர் அதை ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். திட்டுவார் என்று மறைத்தால் மருந்து வேலை செய்யாமல் போகும், ஏன் என்றும் யாருக்கும் புரியாது. "குணப்படுத்துகிறேன், இங்கிலீஷ் மருந்தை நிறுத்து" என்று எவராவது சொன்னால் அந்த வாசலை மறுபடி மிதிக்க வேண்டாம். இன்றைய மருந்து கிருமியை அடக்கிவைக்கும், அழிக்காது. அடக்கியிருக்கும் வரை ஆயுள் மற்றவரைப் போலத்தான்.

கடலுக்குப் போகிறவரின் மாத்திரை

மாதம் 30 மாத்திரையில் ஒன்று தவறினால் சமாளிக்கலாம். இரண்டு தவறினாலே, எட்ட வேண்டிய 95 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். 40 நாள் டிரிப்பில் மருந்து தீர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

மருந்து வாங்கப் போகும்போதே அடுத்த பயணம் எத்தனை நாள் என்று ஆலோசகரிடம் சொல்லச் சொல்லுங்கள். நிலையாக இருப்பவருக்குச் சேர்த்துக் கொடுக்க வழி உண்டு. நாற்பது நாள் என்றால் நாற்பது மாத்திரை போதாது; எஞ்சின் கெடும், காற்று மாறும், மீன் விலைக்காக வேறு துறைமுகத்தில் இறக்குவார்கள். இரண்டு டப்பி, 60 மாத்திரை, என்று எடுத்துப் போகட்டும். இரண்டையும் ஒரே பையில் வைக்காமல் பிரித்து வைக்க வேண்டும்.

எஞ்சின் அறைப் பக்கம் வைத்தால் சூட்டில் கெடும். 30 டிகிரிக்குக் கீழே, ஈரம் படாமல் இருக்க வேண்டும். கூட இருப்பவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவுக்கோ காகிதத்துக்கோ மாற்றுவது வழக்கம், அது வேண்டாம். மருந்து டப்பிக்குள் இருக்கும் சிறு பொட்டலம் ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைத்தது. டப்பியை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் உரித்துவிடலாம். பிறகு டப்பியைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பாத்திரத்தில் போட்டு இறுக மூட வேண்டும். ஏ.ஆர்.டி. புத்தகத்தின் முதல் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கட்டும். கொச்சியில் மருந்து தீர்ந்தால் அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் அதைக் காட்டி இடைக்கால மருந்து கேட்கலாம். கேரளத்தில் அந்த மையத்தின் பெயர் உஷஸ்.

நேரம் தவறினால் நினைவு வந்ததும் சாப்பிட வேண்டும். மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது.

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு மீனவர் வீட்டில் இருக்கும் மாதங்கள் இவை. ஆண்டு வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு) பரிசோதனை, துணையின் பரிசோதனை, மருத்துவர் சந்திப்பு எல்லாவற்றையும் இதற்குள் முடிக்கத் தேதி வாங்கிவிடுங்கள். மருந்து தொடங்கிய 6ஆம் மாதமும் 12ஆம் மாதமும் வைரல் லோடு பார்ப்பார்கள், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. 200க்குக் கீழே இருந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. இந்த ஒரு செய்தி கணவன் மனைவிக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சொல்லாமல் விடாதீர்கள்.

அதுவரை ஆணுறை. நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பதால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: எண்ணெய் பட்ட லேடெக்ஸ் ஆணுறை சில நிமிடங்களிலேயே பலமிழந்து கிழியும். வழுவழுப்பு வேண்டுமென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் நீர் சார்ந்த ஜெல்தான்.

தாயும் குழந்தையும்

கர்ப்பம் பதியும்போதே எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கிறது. இருக்கிறது என்றால் அன்றே மருந்து. மருந்தே இல்லாவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றக்கூடும். தாய் ஒழுங்காக மருந்து எடுத்தால் ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். சிக்கல் பெரும்பாலும் ஏழாம் மாதம் தாய் வீட்டுக்குப் போகும்போது வரும். புகுந்த வீட்டுச் செவிலியருக்குத் தெரியும், பிறந்த வீட்டுச் செவிலியருக்குத் தெரியாது. தாயின் சம்மதத்தோடு, ஆலோசகர் வழியாக, முன்கூட்டியே தகவல் மாற்றப்பட வேண்டும். இரும்புச் சத்து மாத்திரைக்கும் மேலே சொன்ன இடைவெளி பொருந்தும்.

குழந்தைக்குப் பிறந்ததும் நெவிரபின் சொட்டு மருந்து, குறைந்தது 6 வாரம். இரண்டரைக் கிலோவுக்கு மேலுள்ள குழந்தைக்கு வழக்கமாக நாளுக்கு 1.5 மி.லி.; ஆபத்து கூடுதல் என்றால் 12 வாரம், வேறு மருந்தும் சேரும். மருந்தோடு தரும் சிரிஞ்சில் அளக்க வேண்டும், சங்கடையில் (பால் புகட்டும் சங்கு) அளக்கக் கூடாது.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். சேனை தொட்டுவைப்பது, சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, இடையில் ஒரு சங்கடைப் பசும்பால், எதுவும் கூடாது. தாய்ப்பாலோடு வேறு எதையாவது கலந்து கொடுத்தால் குழந்தையின் குடல் புண்பட்டு, தாய்ப்பாலில் இருக்கும் கிருமி உள்ளே நுழைய வழி கிடைக்கும். சேனை வைக்கக் காத்திருக்கும் பாட்டியிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. "டாக்டர் எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தான் சொல்றாரு" என்றால் போதும், அது உண்மையும்கூட. 6 வாரத்தில் குதிகாலில் குத்திக் காகிதத்தில் ரத்தச் சொட்டு எடுப்பார்கள். 6, 12 மாதங்களிலும் பார்த்து, 18ஆம் மாதம் இறுதி முடிவு சொல்வார்கள்.

பெயர் எப்படிக் கசிகிறது

நல்லெண்ணம் உள்ளவர்களால்தான் அதிகம் கசியும். செபக் கூட்டத்தில் "இந்தச் சகோதரருக்காக விசேஷமாக வேண்டிக்கொள்வோம்" என்று பெயர் சொல்வது ஒன்று. வீட்டுக்குப் பொதுவான போன் நம்பரை மையத்தில் கொடுத்துவிடுவது இன்னொன்று. மருந்து தேதி தவறினால் அந்த நம்பருக்குத்தான் அழைப்பு வரும், மாமியார் எடுப்பார். யார் போன், எந்த நேரத்தில் அழைக்கலாம், வீட்டுக்கு ஆள் வரலாமா கூடாதா என்பதை முதல் நாளே ஆலோசகரிடம் சொல்லிவைக்க வேண்டும். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் பெயரோ தெருவோ எழுதாதீர்கள்.

கணவருக்கு இருப்பதை மனைவியிடம் நீங்கள் போய்ச் சொல்லக் கூடாது, மனம் எவ்வளவு அடித்துக்கொண்டாலும். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் அந்த அதிகாரத்தைச் சில நிபந்தனைகளோடு மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே தருகிறது. உங்கள் வேலை, இருவரையும் ஒரே நாளில் ஆலோசகர் முன் உட்கார வைப்பது. கணவர் தயங்கினால் விடாமல் கேளுங்கள். மனைவியின் உயிரும் அங்கே இருக்கிறது.

இதே சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. பள்ளியில் சேர்க்க மறுப்பது, வேலையை விட்டு நீக்குவது, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வது, மருத்துவமனை கைவிரிப்பது எல்லாம் இதன்படி தவறு. எச்.ஐ.வி. உள்ளவர்கள் மீது வெறுப்பைப் பரப்பினால் 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். புகாரை மாநிலக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். சம்பவம் தெரிந்த 3 மாதத்துக்குள் எழுத வேண்டும். அவர் 30 நாளில் உத்தரவிட வேண்டும், மருத்துவ அவசரமென்றால் 24 மணி நேரத்தில். புகார் எழுதும்போது தேதி, இடம், சொன்ன சொல் மூன்றையும் அப்படியே குறியுங்கள்.

நிறுத்தியவர் திரும்பி வரும்போது

மாதக்கணக்கில் மருந்தை விட்டவர்கள், திட்டுவார்களே என்ற பயத்திலேயே இன்னும் சில மாதம் தள்ளுவார்கள். "வாங்க, மறுபடி தொடங்கலாம்" என்பதைத் தவிர வேறெதுவும் அவரிடம் பேச வேண்டாம். தானாகப் பழைய மாத்திரையை எடுத்து விழுங்கத் தொடங்காமல் நேரே ஏ.ஆர்.டி. மையத்துக்கு வரட்டும்; முதலில் காசநோயும் எதிர்ப்பு அணு எண்ணிக்கையும் பார்க்க வேண்டியிருக்கும். எதிர்ப்பு அணு 200க்குக் கீழே இருந்தால் கூடுதல் பரிசோதனைகள், சில நேரம் படுக்கையில் சேர்ப்பதும் தேவைப்படும்; மாற்று உடையோடு வரச் சொல்லுங்கள். ஏ.ஆர்.டி. புத்தகம் தொலைந்திருந்தாலும் பதிவு எண் மையத்தில் இருக்கும். மிச்சமிருக்கும் டப்பியைத் தூக்கி எறியாமல் கொண்டுவர வேண்டும். எத்தனை மாத்திரை எஞ்சியிருக்கிறது என்பதிலிருந்துதான் எப்போது நின்றது என்று மருத்துவர் கணக்கிடுவார்.